ஒட்டுப் போர்வையில் ஊன்றி நின்ற அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் வீட்டு அலமாரியில், எங்கள் அக்கா தைத்த ஒட்டுப் போர்வை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் தைத்த கை ஓய்ந்து ஓராண்டு ஆகிறது. அழுது தீர்த்த பிறகு எழுத உட்கார்ந்ததாலோ என்னவோ, அக்காவை நினைக்கும்போது துக்கத்துக்கு முன்னால் நிம்மதிதான் வருகிறது. அது ஏன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அக்கா பிறந்தது ஆத்தூரில். பள்ளி ஆசிரியராக இருந்த அப்பா மாற்றலாகித் திண்டுக்கல்லுக்கு வந்து பேகம்பூரில் வீடு எடுத்தபோது அக்கா சிறுமி, நான் கைக்குழந்தை. கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் வகுப்பு உண்டு. மற்றப் பிள்ளைகள் கைக்குட்டை ஓரம் மடிப்பதோடு நிறுத்திக்கொள்ள, அக்காவுக்குத் துண்டுத் துணிகளின் மேல் ஆசை பிடித்துக்கொண்டது. தையல்கடைகளில் வெட்டிப் போட்டதைக் கேட்டு வாங்கி வருவார். சதுரமும் முக்கோணமுமாக வெட்டித் தரையில் பரப்பி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது பொருந்தும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். துண்டுகளை இணைத்து மேல்துணியாக்கி, அடியில் பருத்தித் துணியும் நடுவில் மெல்லிய பஞ்சும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போடுவார். எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு முன்பே அக்காவின் போர்வை வந்துவிடும்.

அக்காவைப் பாலசமுத்திரத்தில் திருமணம் செய்துகொடுத்தார்கள். அந்த வாழ்வு நீடிக்கவில்லை. அதற்காக அக்கா யாரையும் குறை சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. திரும்பி வந்தவர் ஒரு சிறு மழலையர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அப்பாவையும் பிறகு அம்மாவையும் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவரே. அம்மா கடைசிவரை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எனக்கப்புறம் அவளுக்கு யாருடி இருக்கா?” கொரோனா காலத்தில் அந்தப் பள்ளியும் மூடப்பட்டபோது, அம்மாவின் கவலை முழுவதும் என் தலையில் இறங்கியது.

அக்காவை ஒட்டன்சத்திரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போக நானும் என் கணவரும் வந்தோம். “ஏனுங்க அக்கா, நம்ம வீட்டுல எடமா இல்லீங்க? வந்துருங்க” என்றார் அவர். அக்கா காபியை நீட்டியபடியே, “வாரேன் தம்பி, பண்டிகைக்கு வாரேன். குடியிருக்க வரல. போர்வை தச்சு விக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

“பழைய துணின்னு நெனச்சு யாருக்கா வாங்குவா?” என்று கேட்டேன்.

“புதுத் துணியிலதான் தைப்பேன். வாங்குறவுக வாங்கட்டும்.”

அடுத்த தெருவில் ரவிக்கை தைக்கும் ஜமீலா தன் கடையில் பாதி இடத்தை அக்காவுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். துண்டுகளை மெஷினில் இணைப்பது ஜமீலா. நிறம் பார்ப்பதும் ஓட்டுத் தையலும் அக்கா. முதல் சில மாதங்கள் வந்தவர்கள் தொட்டுப் பார்த்து, அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், “கால்மிதிக்கு நல்லாருக்கும், சின்னதா கெடைக்குமா?” என்று கேட்டிருக்கிறார். அதைச் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார் அக்கா. ஆனால் அதற்குப் பிறகு பல நாள் அவர் ஊசியைத் தொடவில்லை என்பதை ஜமீலா போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பம் மாடிக் கொடியிலிருந்து வந்தது. கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் ஓர் அம்மா, ரவிக்கை அளவு கொடுக்க ஜமீலாவிடம் வந்தார். மாடியில் காய்ந்த போர்வையைப் பார்த்து மேலேயே ஏறிப் போய்விட்டார். விடுதியின் எல்லா அறைகளுக்கும் அதே போல வேண்டும், கோடைச் சீசனுக்குள் வேண்டும் என்று சொல்லி வேலையை ஒப்படைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு தைத்தார்கள்.

ஈஸ்டர் முடிந்து நான் அங்கே போயிருந்தபோது போர்வைகள் அடுக்கிக் கட்டத் தயாராக இருந்தன. மறுநாள் வண்டி வர வேண்டும். தையலுக்காகப் போட்ட சாக்பீஸ் கோடு போகிறதா என்று பார்க்க அக்கா ஒன்றை மட்டும் தண்ணீரில் அலசினார். சிவப்புத் துண்டுகளின் சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. அந்தச் சிவப்பு ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கியது. எல்லாப் போர்வையிலும் இருந்தது.

ஜமீலா அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அக்கா, பேசாம அனுப்பிருவோமா? இம்புட்டு வேலையும் வீணாப் போயிருமேக்கா” என்று கேட்டார்.

“அனுப்பிட்டா நாளைக்கு அந்தம்மா மூஞ்சில எப்புடி முழிக்கிறது? செத்த இரு, பேசிப் பாக்குறேன்.”

அக்கா போனை எடுத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். “சிவப்ப எல்லாம் பிரிச்சு எடுத்துட்டு வேற வைக்கணும்ங்கம்மா. சீசனுக்கு முடியாது. வேண்டாம்னாலும் சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்” என்றார். பிறகு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம். போனை வைத்ததும் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

“என்னக்கா சொன்னாக?” என்றார் ஜமீலா.

“சீசன் போனா மலையில குளிரும் போயிருமா, நிதானமாத் தாங்கங்குறாக.”

ஜமீலா அழுதார், அக்கா சிரித்தார், நான் இரண்டையும் செய்தேன். அன்றே மூவரும் உட்கார்ந்து சிவப்பைப் பிரிக்கத் தொடங்கினோம். அதற்குப் பிறகு எந்தத் துணியையும் அலசிக் காயவைக்காமல் அந்தக் கடையில் கத்திரிக்கோல் வைத்ததில்லை. ஆடி மாதம் போர்வைகள் மலையேறின. அவற்றைப் பார்த்த விருந்தினர்கள் கேட்டு விசாரித்து எழுதத் தொடங்க, வெளியூர்களிலிருந்தும் வேலை வந்தது. கடையில் பாதி இடம் என்பது போய், பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்தார்கள்.

தொழிலானதும் அக்காவுக்குத் தையல் மேலிருந்த ஆசை குறைந்துவிடுமோ என்று பயந்தேன். அதுவும் நடக்கவில்லை. எத்தனை அவசரமானாலும் தரையில் துணியைப் பரப்பி நிறம் பார்க்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் திட்டு விழும். பொறுமைசாலி என்று அக்காவைப் புகழ்வோர் அந்தத் திட்டை வாங்காதவர்கள்.

கடைசி ஆண்டில் இதயம் பலவீனமாகிவிட்டதென மருத்துவர் சொன்னார். பெற்றோரைப் போல நெடுங்காலம் படுக்கையில் கிடக்க நேருமோ என்பதே அக்காவின் பயம். எங்கள் பயமும் அதுதான். இறைவன் அதைத் தரவில்லை. அன்று காலை கடைக்குப் போயிருக்கிறார். மதியம் வீட்டுக்கு வந்து கத்திரிக்காய் வெஞ்சனத்தோடு சாப்பிட்டு, செத்த நேரம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழவில்லை. தேநீருக்கு எழுப்பப் போன ஜமீலா, முகத்தில் வலியின் சுவடே இல்லை என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களைக் கடந்தேன்.

அக்காவுக்கு உடன்பிறவாத் தங்கையாக நின்று, இன்றும் கடையைத் திறந்து வைத்திருக்கும் ஜமீலாவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது. உடன் தைத்த பெண்களுக்கும், கொடைக்கானல் அம்மாவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்கு மக்களுக்கும், பாலசமுத்திரத்திலிருந்து வந்து கண்ணீர் சிந்தியவர்களுக்கும் கைகூப்புகிறோம்.

ஆண்டவர் தம் இல்லத்தில் அக்காவுக்கு இளைப்பாறுதல் தரட்டும். ஆனால் சும்மா உட்காரச் சொன்னால் அக்கா இருக்க மாட்டார். அங்கே யாருக்காவது குளிருமானால், அவரிடம் சொல்லட்டும்.

அன்புத் தங்கை,
ஸ்டெல்லா