பௌர்ணமியன்று வாங்கிய டிராக்டர்

போன ஆடி மாதம் என் நிலத்தில் ஒரு டிராக்டர் மூன்று நாள் நின்றது. வாடகைக்கு உழ வந்த வண்டி. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதி நிலம் உழுதபோது ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த சின்னத் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஆங்கிலத்தில் என்னவோ எழுத்து வந்தது, வண்டி நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு போனை எடுத்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கம்பெனி ஆள் கம்ப்யூட்டரோடு வந்து வயரைச் சொருகினால்தான் என்ன கோளாறு என்றே தெரியுமாம். அந்த ஆள் வந்தது மூன்றாம் நாள். அதற்குள் மழை ஈரம் போய்விட்டது.

என் மனைவி விரல் வீங்க உரித்து வைத்திருந்த விதைக் கடலை மூட்டையிலேயே கிடந்தது. உரித்த கடலையை அதிக நாள் வைத்திருக்க முடியாது, முளைப்பு போய்விடும். பாதியைச் செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டினோம். அந்த எண்ணெயில் அவள் தோசை சுடும்போதெல்லாம் நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

அதனால் இந்த வருடம் சொந்தமாக டிராக்டர் வாங்குவது என்று ஆனது. முடிவு செய்தது அவள். கவலைப்பட்டது நான்.

"புதுசே வாங்கிடுங்க. பழச வாங்கினா அது எப்ப நிக்கும்னு நீங்க தூங்க மாட்டீங்க. பொரண்டு பொரண்டு படுத்து என்னையும் தூங்க விடமாட்டீங்க" என்றாள்.

"புதுசு நின்னா?"

"கம்பெனிக்காரன் வருவான்."

"மூணாம் நாளு வருவான்."

அவள் முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

புது வண்டி விற்கிற கடைக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அங்கிருந்தவர் நல்ல மாதிரி. ஏறி உட்காரச் சொன்னார், திரையைக் காட்டினார், வண்டிக்கு எது ஆனாலும் போனுக்கே தகவல் வரும் என்றார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தகவல் வந்தால் அதைப் படித்துச் சொல்ல யாரைத் தேடிப் போவது என்று உட்கார்ந்த இடத்திலேயே யோசனை வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திருவண்ணாமலையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் கிணற்று டீசல் என்ஜினை இத்தனை வருடமும் ஓட வைத்திருப்பவர் அவர்தான்.

"அடி அண்ணாமலையில ஒரு வண்டி கீதுண்ணா. இருவது வருசப் பழசு. வயரு கம்மி, இரும்பு ஜாஸ்தி. ஸ்பானர் செட்டு இருந்தா நீயே பிரிச்சு மாட்டிக்கலாம்" என்றார்.

அந்த வாரம் பார்த்து நல்ல மழை பிடித்தது. எங்கள் மண்ணில் மழை விட்டு மூன்றாம் நாளும் நான்காம் நாளும்தான் உழவுக்குப் பதம். ஐந்தாம் நாள் மேட்டுப் பக்கம் காய ஆரம்பித்துவிடும். மூன்றாம் நாள் பௌர்ணமி. நல்ல நாள்தான் என்று வண்டி எடுக்க அன்றைக்கே வைத்தேன். காலண்டரில் ராகு காலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன், குளிகையும் பார்த்தேன். பௌர்ணமி சாயங்காலம்தான் பிறக்கிறது, மதியத்துக்குள் வண்டியோடு வீட்டுக்குப் போகும் வழியில் கீழ்பென்னாத்தூர் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில்தான் இருக்கிறது, பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் என் காலண்டரைப் பார்த்து வருவதில்லை என்பது மட்டும் தோன்றவில்லை.

விடிந்தவுடனே பாயும் நானும் அவர் பைக்கில் போய்ச் சேர்ந்தோம். பாய் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஜில்லுனு கீது" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வாங்குகிறவர் வருவதற்கு முன்னால் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், குளிரில் கிளம்புமா கிளம்பாதா என்பது மறைந்துவிடும். இது முதல் முறையிலேயே கிளம்பியது. ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா பார்த்தார். கியர் ஒவ்வொன்றாகப் போட்டார். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கோண்ணா. நான் போய் கடைய தொறக்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

வண்டியின் சொந்தக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். நிலத்தைத் தரைபோலத் தட்டி, கயிறு கட்டி, வாகனம் நிறுத்துமிடம் என்று பலகை வைத்திருந்தது.

"மாசத்துல ரெண்டு நாளு காரு வெளையுது. உழுது வச்சா கார்க்காரன் சண்டைக்கு வரான். அப்புறம் எனக்கு எதுக்கு டிராக்டரு?"

அவர் காகிதங்களை எடுக்க உள்ளே போன நேரம் நான் தெருவுக்கு வந்து பார்த்தேன். பாயின் பைக் போன கையோடு இரண்டு பக்கமும் போலீஸ் தடுப்பு வைத்தாகிவிட்டது. சாலை நிறைய ஆட்கள், வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். டிராக்டர் என்ன, ஒரு சைக்கிள்கூட எதிரே போக முடியாது.

"நாளைக்கு மத்தியானம் விடுவாங்க. ஒனக்கு யாரு இன்னைக்கு நாள் பாத்தது?" என்றார் வண்டிக்காரர்.

"நானேதான்."

"நல்லா பாத்த."

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வண்டிக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஈரம் போகிறதே என்று ஒரு கவலை. மனைவிக்கு என்ன சொல்வது என்று இன்னொன்று. ஒரு மணி நேரம் போயிருக்கும். பாய் தூக்கி நிறுத்திவிட்டுப் போன கலப்பை கீழே வந்திருப்பதுபோல் பட்டது. கண்ணை நம்பாமல் என்ஜினைப் போட்டு மறுபடி தூக்கினேன், நிறுத்தினேன். ஒரு துடைப்பக்குச்சியைத் தரைக்கும் கலப்பைக்கும் நடுவே அளவாக உடைத்து நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் குச்சி வளைந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒடிந்தது.

வண்டிக்காரர் சிரித்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரெண்டு வருசமா எறங்குது. உழும்போது ஒண்ணும் பண்ணாது."

பாய்க்குப் போன் போட்டேன்.

"எவ்ளோ நேரத்துல எறங்குச்சு?"

"முக்கால் மணி நேரம்."

"அப்ப கலப்பைய தூக்கற சிலிண்டருக்குள்ள இருக்கற ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும். எண்ணெய் கசியுது. அதான் நான் நின்ன நேரத்துக்குத் தெரியல. அரை நாளு வேலைண்ணா. வேணாம்னா விட்டுட்டு வா, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அடுத்து மனைவி. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பௌர்ணமி உட்பட.

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"தெரியல."

"தெரியலன்னா திரும்பி வாங்க. வந்து புதுசுக்குப் போலாம்."

முன்பணம்கூடக் கொடுக்கவில்லை, எழுந்து போக எந்தத் தடையும் இல்லை. ஆனால் எழுந்துபோனால் இந்த மழைக்கும் உழவு கிடையாது. உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வண்டியில் ஒரு குறையை நானாகக் கண்டுபிடித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யாரும் வயர் சொருகவில்லை. எங்கே கசிகிறது என்று தெரியும், எதை மாற்ற வேண்டும் என்று தெரியும், மாற்றுகிற வரைக்கும் எப்படி ஓட்டுவது என்றும் தெரியும். புது வண்டியைப் பற்றி எனக்கு இதில் பாதிகூடத் தெரியப்போவதில்லை.

"எடுத்துக்கறேங்க" என்றேன்.

"குச்சிய ஒடச்சிட்டு எடுத்துக்கறேன்றியே" என்று மறுபடி சிரித்தார். உள்ளே போய் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். "ஸ்பானரையும் நீயே எடுத்துக்கோ. காரு நிறுத்தறதுக்கு ஸ்பானர் எதுக்கு?"

பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு பஸ் பிடிக்கக் கூட்டத்தோடு டவுன் பக்கம் நடந்தேன். "செருப்ப கையில எடுத்துக்கினு நடங்கண்ணா" என்று ஒரு பெண் சொன்னார். எடுத்துக்கொண்டேன். கவலையோடு பாதி மலை சுற்றியது நானாகத்தான் இருக்கும்.

மறுநாள் மதியம் தடுப்பை எடுத்ததும் வண்டியை ஓட்டி வந்தேன், வீடு சேர இருட்டிவிட்டது. ஐந்தாம் நாள் விடியற்காலை நிலத்தில் இறக்கினேன். மேட்டு நிலம் வெளுத்துப் போயிருந்தது. பள்ளத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அங்கேயே ஆரம்பித்தேன். மனைவியும் பக்கத்து நிலத்துப் பெண்கள் இருவரும் பின்னால் உழவுச் சாலில் விதை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

முக்கால் பள்ளம் முடிந்தபோது வண்டி விக்கி, விக்கி, நின்றுவிட்டது. பெண்கள் மூவரும் மடியில் விதையோடு அப்படியே நின்றார்கள்.

டேங்கைத் திறந்து பார்த்தேன். டீசல் அடியில் போயிருந்தது. கேனில் இருந்ததை ஊற்றினேன். அப்படியும் கிளம்பவில்லை. குழாயில் காற்று புகுந்துவிட்டது. எங்கள் கிணற்று என்ஜினிலும் இப்படி ஆகும். பெட்டியைத் திறந்து சரியான ஸ்பானரைத் தேடி, ஃபில்டர் பக்கத்து போல்ட்டைத் தளர்த்திக் கையால் பம்பை அடித்தேன். முதலில் நுரை வந்தது. நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கினேன்.

"இன்னா ஆச்சாம் அதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"காத்து."

"யாருக்குப் போன் போடணும்?"

"யாருக்கும் வேணாம்" என்று சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

வெயில் ஏறுவதற்குள் பள்ளம் முழுதும் விதைத்தாகிவிட்டது. அவள் மேட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே மண்கட்டி உடையாது, இனி உழுது பயனில்லை.

"மேட்டுல அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"ஒடம்பு நல்லாதான இருக்குது?" என்றாள்.