மாடிக்கென்று விட்ட கம்பிகள்

1991ஆம் ஆண்டின் தை மாதக் காலையில், சேரப்பணஞ்சேரிப் பாஞ்சாலி தொழிற்சாலைப் பேருந்துக்குக் கிளம்பும் நேரத்தில், கொழுந்தன் ரகுபதி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன் சிங்கப்பூர்ல இன்னொருத்தியக் கட்டிக்கிச்சாம், அண்ணி. அந்த ஊர்ல நம்ம சட்டம் செல்லாது. இனிமே இந்த வூட்ல உனக்கு இன்னா வேல? வாலாஜாபாத்துக்கு, உன் அம்மா வூட்டுக்கே போயிடு. ஞாயித்துக்கெழம வந்து பூட்டுப் போடுவேன்."

பாஞ்சாலி பாதி நம்பிவிட்டாள். சென்ற மழைக்காலத்தில் கால்வாய்க்கு அக்கரையில் அவளது ஆடு திருடுபோனபோது, "அது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் கைவிரித்திருந்தார்கள். கால்வாயைத் தாண்டாத சட்டமா கடலைத் தாண்டப் போகிறது?

இருந்தாலும் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்று, தன்னைவிட இளையவளான வழக்கறிஞர் லீலாவைப் பார்த்தாள். லீலா திருமணச் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"இந்த நாட்டையே நிலையான இருப்பிடமா வெச்சிருக்கிற இந்துக்கள் எந்த நாட்டுல இருந்தாலும் இந்தச் சட்டம் அவங்களைக் கட்டுப்படுத்தும், அக்கா. எல்லை கடந்த அதிகாரம்னு இதுக்குப் பேரு."

"கடலுக்கு அந்தாண்டயுமா?"

"அந்தாண்டயும்தான்."

"பாஸ்போர்ட்டு இல்லாமயே போயிடுதா!"

லீலா சிரித்துவிட்டாள். பிறகு, "அவர் அங்கேயே தங்கிடப் போனாரா, திரும்பி வரப் போனாரா? கோர்ட்டுல அதைத்தான் கேப்பாங்க" என்றாள்.

ஒரு மனிதனின் மனத்துக்குள் இருப்பதை எதைக் காட்டி நிறுவுவது? பாஞ்சாலிக்குச் சட்டென்று மொட்டைமாடி நினைவுக்கு வந்தது.

"மாடி கட்டணும்னு தூண் கம்பிய நீட்டி வுட்டுட்டுப் போச்சு, மேடம். போன வருசம் லீவுல வந்தப்போகூடத் துரு புடிக்கக் கூடாதுன்னு சிமெண்டுப் பால் பூசிச்சு."

லீலா எழுதுகோலைக் கீழே வைத்தாள். "அங்கேயே தங்கிடறவர் இங்க கம்பிக்குப் பால் பூசுவாரா? நம்ம சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லாது. நீங்கதான் மனைவி. ஆனா, நம்ம போலீஸ் அங்க போய் அவரைப் பிடிக்க முடியாது. அவர் வந்த பிறகும் குற்ற வழக்கு நடத்த டில்லியில இருக்கிற மத்திய அரசோட அனுமதி வேணும்."

பிந்தைய சொற்கள் பாஞ்சாலியின் காதில் விழுந்தன. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று இந்த மண்ணிலிருந்து புறப்பட்டு, அத்தனை தண்ணீரையும் கடந்து, கணவன் கோதண்டத்தின் அருகில் போய் நிற்பதை எண்ணுகையில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பும் வழியெங்கும், வீடுகளின் தலையில் வானைப் பார்த்து நின்ற கம்பிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரகுபதி பூட்டோடு வந்தான். அவள் அவனை மாடிக்கு அழைத்துப்போனாள்.

"இத உங்க அண்ணன் எதுக்கு வுட்டுச்சு?"

"மாடி கட்டறதுக்கு."

"அப்ப அதுக்கு வூடு எங்க கீது?"

ரகுபதி பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"இங்கதான கீது? நம்ம சட்டமும் அது பின்னாடியே போய்க்கினு கீது. வக்கீலம்மா சொன்னாங்க. கோர்ட்டுக்கு வந்து இந்தக் கம்பிக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் பூட்டு போடு."

பூட்டைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும், பாஞ்சாலி பழைய வாளியில் சிமெண்டைக் கரைத்து மாடிக்கு எடுத்துச் சென்றாள். துரு தலைகாட்டியிருந்த நுனிகளில், மெல்ல, ஒவ்வொன்றாகப் பூசத் தொடங்கினாள்.