மூன்று மணி பத்து நிமிடம்

"மூணு மணி பத்து நிமிஷம்தான்டா குட்டி! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அத்தை வீட்டுக்கு வந்துட்டேன்."

உள்ளறையிலிருந்து தம்பியின் சிரிப்பு கேட்டது. தேநீர்த் தட்டோடு வந்த அக்கா அறை வாசலில் நின்றாள். கைப்பேசியில் அவனுடைய ஏழு வயது மகளின் குரல் கணீரென்று ஒலித்தது.

"அப்போ தாத்தாவுக்கு உடம்பு முடியாதப்ப மட்டும் ஏம்ப்பா போகல? போனை அணைச்சுட்டு ஒரு நாள் முழுக்க மாடி ரூம்லயே படுத்துக் கிடந்தியே!"



அக்கா வேலை பார்க்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில் அவளுக்கு 'வாய்ப்பாடு' என்று பெயர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்வாள். "கம்ப்யூட்டர் படுத்தாலும் நம்ம வாய்ப்பாடு படுக்காது" என்பார் முதலாளி. தம்பி இருக்கும் ஊர் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். நேராக வந்தால் மூன்று மணி பத்து நிமிடம்.

போன வருடம் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது அவன்தான் போன் செய்தான். "நேரா வர்ற விமானத்துல சீட்டே இல்லக்கா. ரெண்டு இடத்துல மாறி வரேன். இருபத்திரண்டு மணி நேரம். இதோ ஏறிட்டேன், போனை அணைக்கிறேன்."

ஊரார் டிக்கெட்டை மூன்று முறை சரிபார்ப்பவள், தம்பியின் பயணத்தை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. கூடப்பிறந்தவனை யார் சரிபார்ப்பார்கள்?

அப்பா மணிக்கொரு தரம் கேட்டார். "எங்க வந்துட்டான்மா?"

"முதல் விமானம் இறங்கியிருக்கும்பா." "இப்போ கடலைத் தாண்டிட்டான்." "இன்னும் எண்ணூறு கிலோமீட்டர்தான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

மனக்கணக்காகவே அவனை வானத்தில் இழுத்து வந்தாள். பத்தொன்பதாம் மணியில் அப்பாவின் பார்வை கதவிலேயே நிலைத்துவிட்டது. மறுநாள், நடுவில் விமானத்தைத் தவறவிட்டதாக அவன் போனில் கதறியபோது, "அழாதடா, நீ என்ன பண்ணுவ" என்று தேற்றியதும் அவள்தான்.

இப்போது தட்டை மேசைமேல் வைத்தாள்.

"நீ கிளம்பவே இல்லையாடா?"

தம்பியின் முகம் வெளுத்தது. அழைப்பைத் துண்டித்தான். "அக்கா... அப்பாவை அந்தக் கோலத்துல பாக்க பயமா இருந்துச்சு. உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"பயம்னு சொல்லியிருந்தா போன்ல ரெண்டு வார்த்தை பேச வச்சிருப்பேனே. குரலையாவது கேட்டுட்டுப் போயிருப்பார். பத்தொன்பது மணி நேரம் என் வாயாலயே அவருக்குப் பொய் சொல்ல வச்சிட்டியேடா. பாவி!"

"மன்னிச்சுடுக்கா."

"அப்பா சாகறப்ப என்னை நம்பினாரு. நான் உன்னை நம்பினேன். நான் யார்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறது?"

தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தயங்கினான்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்க்கா."

"வேண்டாம். நீ ஏறிட்டேன்னு சொன்னாலும், இறங்கிட்டேன்னு சொன்னாலும் எனக்கு இனிமே ஒண்ணுதான்."

அவன் படியிறங்கினான். வாய்ப்பாடு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.