டம்ளருக்குள் ஏறிய தண்ணீர்

பிள்ளைகளுக்கு அறிவியல் செய்துகாட்டும் தொழிலில் சோதனைகள் பெரும்பாலும் சரியாகத்தான் வரும். சுற்றியிருக்கிற மற்றதெல்லாம்தான் சொதப்பும். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில், சனிக்கிழமைதோறும் பதினான்கு பிள்ளைகளோடு ஆறு வருஷமாக நான் படும் பாட்டை, ஒரு பிள்ளைக்காவது வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து நொந்தவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

மஞ்சள் தரை

மஞ்சள்தூள் கரைசலைத் தாளில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரால் எழுதினால் எழுத்து சிவப்பாகத் தெரியும். ரகசியக் கடிதம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். ஒரு சனிக்கிழமை அந்தக் கிண்ணம் கவிழ்ந்து வெள்ளை டைல்ஸ் மஞ்சளானது. குடியிருப்பைச் சுத்தம் செய்யும் செல்வி, பாவம், நல்ல எண்ணத்தில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டார். ஹாலே கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மறுபடி மஞ்சள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வாசலில் நின்ற குடியிருப்போர் சங்கச் செயலாளர் கைதட்டவில்லை. மாதக் கடைசி ஞாயிறு பெற்றோர் முன்னால் செய்துகாட்ட வேண்டும், அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் ஹால் யோகா வகுப்புக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். என் மேனாம்பேடு வீட்டில் கட்டிலும் பீரோவும் போக நாலு பேர்தான் நிற்கலாம். ஹால் போனால் வகுப்பே போச்சு. செல்விக்கோ தரையைப் பற்றித்தான் கவலை.

“மஞ்சளு செவப்பாச்சு, செவப்பு மஞ்சளாச்சு. தர எப்போ மிஸ்ஸு வெள்ளையாவும்?”

பலூன் கார்

பாட்டில் மூடி, ஸ்ட்ரா, பலூன் வைத்து ஓடுகிற கார் செய்துவரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வந்து இறங்கிய கார்களைப் பார்த்து அசந்துபோனேன். ஒன்றில் பேரிங் வைத்த சக்கரம், இன்னொன்றில் ஹெட்லைட். எல்லாம் அப்பாக்களின் கைவரிசை. செல்வியின் மகள் கயலின் கார் மட்டும் கோணலாக வட்டமடித்தது. பேரிங் காரின் சொந்தக்காரனிடம், பலூன் காற்று பின்னால் போனால் கார் ஏன் முன்னால் போகிறது என்று கேட்டேன்.

“அப்பா மீட்டிங்ல இருக்கார் மிஸ். முடிஞ்சதும் கேட்டுச் சொல்றேன்.”

அந்த ஞாயிறு

பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்குக் கைவந்த சோதனையையே எடுத்தேன். தட்டில் கலர் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளர். மெழுகுவத்தி அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. “ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வருது” என்று வழக்கம்போல் முழங்கினேன்.

கயல் கையைத் தூக்கினாள். “அப்போ மூணு மெழுகுவத்தி வச்சாலும் அதே அளவுதானே மிஸ் ஏறணும்? டம்ளர் அதேதானே?” வைத்துப் பார்த்தோம். தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியது. செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மழுப்ப வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கயல் பதிலுக்காகக் காத்திருந்தாள். “இத்தனை நாள் நான் சொன்னது தப்பு” என்றேன். அவமானமாகத்தான் இருந்தது.

அதன்பின் பெற்றோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கவிழ்க்கும்போது டம்ளர் விளிம்பில் குமிழி வருவதைக் கயல்தான் முதலில் பார்த்தாள். சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது; மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு கூடி, இன்னும் அதிகமாக வெளியேறுகிறது. தீ அணைந்ததும் மிச்சம் ஆறிச் சுருங்க, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரமும் மூன்று பெட்டி மெழுகுவத்தியும் ஆயின. யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் செயலாளர் ஹால் பதிவேட்டைப் பிரித்தார்.

“ஹால் உங்களுக்குத்தான் மேடம். ஆனா பொறுப்பாளர்ங்கிற இடத்துல அந்தப் பொண்ணு பேரைத்தான் எழுதப் போறேன்.”

இந்த ஆறு வருஷத்தில் என்னிடம் படித்துவிட்டு இப்போது காலேஜ் போகும் பிள்ளைகள் யாரையாவது அம்பத்தூர்ப் பக்கம் பார்த்தால், தண்ணீர் ஏறியதற்கு ஆக்சிஜன் காரணமில்லை என்று மிஸ் சொல்லச் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.