ஏழாம் விதியும் குசினிக் கதவும்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் விடுதியின் கணினி அறையில் இருந்தவர்கள் நான், என் அறைத்தோழன், திரையில் குவைத்திலிருந்து அக்கா. இல்லாதவர்கள் அப்பாவும் அம்மாவும். ஏற்பாடு முழுவதும் அவர்களுக்காகவே நடந்தது என்பதைத் தவிர, மற்ற எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அக்கா வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. மாதம் ஒரு தடவை போன் பேசுவாள். குரலில் குறை எதுவும் தெரியாது. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தி அங்கிருந்து திரும்பி வந்தவள், அக்காவின் கை வெந்துபோனதாக யாரோ சொல்லக் கேட்டதாகப் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மா போனில் ஒன்றைத்தான் கேட்டாள்.

"கை எப்புடிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும்மா."

"எந்தக் கை?"

"ரெண்டுந்தான்."

அம்மா நம்பவில்லை. போனில் யாரும் கையைக் காட்ட முடியாது. கொழுந்து பறிக்கிற இடத்திலும் அதே நினைப்பு, சோற்றுக்கு முன்னாலும் அதே நினைப்பு என்று அப்பா சொன்னார். "ஒரு தடவ பாத்துட்டா சரியாப் போயிரும். ஒங்க காலேஜுல அப்புடி ஏதோ இருக்காமே?"

இருந்தது. 2008 வாக்கில்தான் விடுதிக்கு இணையம் வந்திருந்தது. விடுதி என்பது வரக்காப்பொலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் பழைய துரை பங்களா. பிரதான விடுதிகளில் இடம் போதாமல் எங்களில் முப்பது பேரை அங்கே தள்ளியிருந்தார்கள். துரையின் ஆபீஸ் அறையில் நான்கு கணினிகள். அறைகளுக்கு இணையம் போக நீல வயர். சுவரில் பதினொரு விதிகள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வீட்டில் வேறு யாராலும் வாசிக்க முடியாததால், ஒட்டப்பட்ட காகிதம் எதுவானாலும் கடைசி வரி வரை வாசிப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே வேலையாகிவிட்டது. இந்த விதிகளையும் வாசித்தேன். வாசித்ததோடு நிற்காமல், தமிழில் எழுதித் தரட்டுமா என்று சப் வார்டனிடம் போய்க் கேட்டேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சிங்களத் தாளுக்குக் கீழே குத்தினார்கள். விடுதியில் தமிழர் ஆறு பேர். அதை வாசித்தது நான் மட்டும்.

நான்காம் விதி: வெளியார் இணையத்தைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வேண்டும். ஏழாம் விதி: அனுமதி பெற்ற வெளியார் முன்வாசல் புத்தகத்தில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய பின்னரே கணினி அறைக்குள் வரலாம். ஒன்பதாம் விதி: மற்றவர்களின் வேகம் குறையுமாதலால் சினிமாப் படங்கள் தரவிறக்குவது தடை. கடைசி அறைப் பையன்கள் இணையம் வந்த நாளிலிருந்து படம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது.

நான் விண்ணப்பம் எழுதினேன். அப்பா பெயர், அம்மா பெயர், அக்காவின் வேலை, உறவுமுறை, காரணம், வெள்ளிக்கிழமை மூன்று மணி முதல் மூன்றரை வரை. குவைத்தில் அந்த நேரம் வீட்டு முதலாளி தொழுகைக்குப் போயிருப்பார். அவருடைய மகள் தன் கணினியைக் கொடுப்பாள். சப் வார்டன் முழுவதையும் படித்துவிட்டு, இப்படியொரு விண்ணப்பம் இதுவரை வந்ததில்லை என்றார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் போனில் வழி சொன்னேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் பலாங்கொடைக்கு இறங்கி, இரத்தினபுரி, அவிசாவளை, அங்கிருந்து வரக்காப்பொலை.

"பொறவு யாருகிட்டக் கேட்டாலும் பங்களான்னு சொன்னா காட்டுவாங்க."

"பங்களாவா?"

"ஆமாப்பா, பழைய தொரை பங்களா."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணியிலிருந்து அனுமதிக் கடிதத்தோடு முன்வாசலில் நின்றேன். யாரும் வரவில்லை. அப்பாவின் போன் அணைந்திருந்தது. மூன்று மணிக்கு அறைத்தோழன் உள்ளிருந்து கூப்பிட்டான். அவன் இரத்தினபுரிக்காரன், சிங்களவன். கணினியில் ஒன்று கெட்டால் விடுதியே அவனைத்தான் தேடும்.

"மச்சான், அக்கா வந்துட்டாங்க."

திரையில் அக்கா முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கைகள் மேசைக்குக் கீழே.

"அம்மா எங்கடா?"

"வந்துக்கிட்டு இருக்காங்க."

"ஒன் மூஞ்சியப் பாக்கவா இந்தப் புள்ளகிட்ட ஒரு கெழமையாக் கெஞ்சினேன்?"

"கையக் காட்டுக்கா."

"அம்மா வரட்டும். ஒனக்குக் காட்டினா அது நம்பவா போகுது?"

அதில் நியாயம் இருந்தது. முன்வாசலுக்கும் கணினிக்கும் நடுவில் எத்தனை தடவை ஓடினேன் என்று தெரியவில்லை. மூன்று இருபத்தைந்துக்கு, எங்களுக்குச் சமைக்கிற குசினிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சிங்களத்தில் சொன்னார்.

"தம்பி, குசினிக்குப் பின்னால ரெண்டு பேர் ஒரு மணித்தியாலமா நிக்கிறாங்க. விறகு கொண்டுவந்தவங்கன்னு நெனச்சு பிளேன்டி குடுத்தேன். விறகு எங்கன்னு கேட்டா, மகன் கூப்பிடுவான்னு சொல்றாங்க. யாரோட மகன்?"

குசினிக் கதவுக்கு வெளியே, விறகுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை.

"ஏம்ப்பா இங்க நிக்கிறீங்க?"

"பங்களான்னு சொன்னியே."

"முன்னுக்கு வர வேண்டியதுதானே?"

"முன்னுக்கு எப்புடி வாறது? தொரை வெளிய வந்துட்டா?"

"இங்க தொரையே இல்லப்பா."

"தொரை இல்லாத பங்களாவா?" அப்பா அதை நம்பியதாகத் தெரியவில்லை.

"போனையும் நிப்பாட்டி வச்சிருக்கீங்க."

"பங்களாவுக்குள்ள அடிச்சா ஒனக்குத்தானே பேச்சு."

எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு யார் போனாலும், என்ன காரியமாகப் போனாலும், குசினிப் பக்கம்தான் போய் நிற்பார்கள். கூப்பிட்டால் பேசுவார்கள். அப்பா முப்பது வருடம் அப்படித்தான் நின்றார். வழியில் மூன்று சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்டபோது தயங்காமல் எடுத்துக் காட்டியவர்கள், அட்டைக்காகப் புத்தகமே திறந்து வைத்திருந்த ஒரேயொரு வாசலைத் தவிர்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

மணி மூன்று இருபத்தேழு. பங்களாவைச் சுற்றி முன்பக்கம் போனால், காவலாளி புத்தகத்தை மேசை லாச்சியில் பூட்டிவிட்டுத் தேநீருக்குப் போயிருக்கிற நேரம். அவரைத் தேட வேண்டும், எழுத வேண்டும். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"கை இருக்கா?"

"இருக்கும்மா. வாங்க."

ஏழாம் விதியைத் தமிழில் எழுதியபோது 'முன்வாசல்' என்பதை யாரும் தவறவிடக் கூடாதென்று அடிக்கோடிட்டவன் நான். இருவரையும் குசினி வழியாகவே கூட்டிப்போனேன்.

அம்மா திரைக்கு மிகவும் கிட்டப் போய் நின்றாள்.

"அம்மா, தள்ளி நில்லுங்க. மூக்கு மட்டுந்தான் தெரியுது."

"கையக் காட்டு."

அக்கா இடது கையைத் தூக்கினாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். ஒன்றுமில்லை. வலது கையைத் தூக்கத் தொடங்கியபோது படம் நின்றுவிட்டது. கை பாதி தூரத்தில், சட்டைக்குள், அப்படியே நின்றது. அக்கா போட்டோவுக்கு நிற்கிறாள் என்று நினைத்து அப்பாவும் அசையாமல் விறைத்து நின்றார்.

"ஏன் அசைய மாட்டேங்கிறா? மறைக்கிறாளா?" என்றாள் அம்மா.

"லைன் இறுகிட்டு அம்மா," என்றான் அறைத்தோழன், தெரிந்த தமிழில். பிறகு என்னிடம் சிங்களத்தில், "கடைசி அறையில படம் எறக்குறாங்க" என்றான்.

அம்மா திரையைத் தட்டப் போனாள்; நான் கையைப் பிடித்துக்கொண்டேன். படம் மறுபடி அசைந்தபோது அக்காவின் வலது கை முகத்துக்கு நேரே இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு கறுப்புத் தழும்பு, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு.

"அயன் பட்டதும்மா. எப்பவோ ஆறிட்டு."

"வெரல மடக்கு."

மடக்கினாள்.

"விரி."

விரித்தாள். அம்மா ஒவ்வொரு விரலாகப் பார்த்து முடித்தபின், "சரி, வேலையப் பாரு" என்றாள். அதன் பிறகுதான் அப்பாவுக்குப் பேச வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மூன்று நாற்பதுக்குச் சப் வார்டன் வந்தார். கடைசி அறையிலிருந்து புகார் போயிருந்தது: கணினி அறையில் யாரோ வீடியோ பேசுவதால் அவர்கள் வேலை தடைப்படுகிறதாம். என்ன வேலை என்று அவர் கேட்டிருக்கவில்லை.

"அனுமதி மூன்றரை வரை," என்றார்.

"ஆமாம் சேர்."

"புத்தகத்தில் இவர்கள் பெயர் இல்லை."

"இல்லை சேர்."

"அப்படியென்றால் இவர்கள் வரவில்லை. வராதவர்கள் எப்படி உள்ளே நிற்கிறார்கள்?"

குசினி வழியாக என்றேன். ஏழாம் விதியைத் தமிழில் எழுதியது யார் என்று அமைதியாகக் கேட்டார். முதல் குற்றத்துக்கு ஐந்நூறு ரூபாய், ஒரு மாதம் இணையம் கிடையாது. விதியைப் படித்தவனே மீறினால் மற்றவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று வருத்தமாகவே சொன்னார். அந்த விடுதியில் இணைய விதிகளின் கீழ் அபராதம் கட்டிய வேறு யாரையும் நான் அறியேன்.

அப்பா மடியிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்தார். நான் தடுத்தேன்.

"இருக்கட்டும்டா. ஒரு கைக்கு எரநூத்தம்பது. மோசமில்ல."

போகும்போது முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிச் சப் வார்டன் நின்று பார்த்தார். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூடத்தைக் கடந்தார். காவலாளி லாச்சியைத் திறந்து புத்தகத்தில் இருவர் பெயரையும் எழுதினார். வந்த நேரம் என்ற இடம் வெறுமையாக இருக்க, போன நேரம் நான்கு பத்து என்று பதிவானது.

அன்றிரவு அவிசாவளையில் சித்தி வீட்டில் தங்கினார்கள். அதனால் சனிக்கிழமை காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கும் போய்ச் சேர முடியவில்லை. இருவருக்கும் இரண்டிரண்டு நாள் பேரும் சம்பளமும் போனது, ஆயிரத்து நூற்று அறுபது. பஸ்ஸுக்குப் போக வர அறுநூறு. அபராதத்தையும் சேர்த்து, அம்மா அந்த இரண்டு கைகளையும் பார்த்ததற்கு ஆன செலவு இரண்டாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.