பொம்மை சிஸ்டர் கையை எடுத்தபோது

பெற்றோர் வைத்த பெயர் பிரசவ வார்டில் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் பொம்மை சிஸ்டர். ஆஸ்பத்திரியில் பழசென்று ஒதுக்கிய, பச்சைக் குழந்தை வடிவப் பயிற்சிப் பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடத்தி, அதன் முகத்தில் முகமூடியை வைத்து மூச்சுப் பையை அழுத்திப் பழகுவார், தினமும். "படிச்சது தலையில இருக்கும். கைதான் மறந்துபோகும்" என்பார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பொம்மை ஊர் வாய்க்கு அவல். ஒருநாள் தட்டு வைக்க இடம் தேடிய தம்பி மனைவி, வாய் இருக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணப் பெத்திருந்தா அண்ணி பொம்மைக்கு மூச்சு குடுத்துட்டு இருப்பாங்களா?"

சிஸ்டர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதன்பிறகு பயிற்சி மூடிய கதவுக்குப் பின்னால்தான். இருவருக்கும் இடையே பேச்சும் அளந்துதான்.

அதே தம்பி மனைவிக்கு வலி கண்டது, சிஸ்டரின் பகல் டியூட்டியில். பெண் குழந்தை பிறந்தது, அழவில்லை. டாக்டர் அடுத்த அறையில் ஆபரேஷனில் இருந்தார். சிஸ்டர் ஈரத்தைத் துடைத்தார், முதுகைத் தேய்த்துப் பார்த்தார். நீலம் பாரித்த உடல் துவண்டு கிடந்தது. மேஜையில் கிடத்தி, முகமூடி வைத்துப் பையை அழுத்தினார். குழந்தையின் நெஞ்சு உயரவில்லை.

இந்த இடத்தில்தான் கை துரோகம் செய்யும். இன்னும் பலமாக அழுத்தத் துடிக்கும். உடனிருந்த ஆயாவும் அதைத்தான் சொன்னாள். சிஸ்டரோ முகமூடியை எடுத்துவிட்டார்.

கட்டிலில் கிடந்தவள் அதைப் பார்த்தாள். தன் வாயே தன் பிள்ளைக்கு எமனாகிவிட்டது என்று நினைத்துக் கெஞ்சினாள்.

"அண்ணி, அன்னைக்குச் சொன்னத மனசுல வெச்சுக் கைய எடுத்துடாதீங்க."

"எடுத்தாத்தான்டி மூச்சு உள்ள போகும். பேசாம படு."

தப்பு தன் கையில்தான் என்று சிஸ்டருக்குப் புரிந்திருந்தது. பதற்றத்தில் குழந்தையின் தலையை அளவுக்கு மேல் பின்னால் சாய்த்திருந்தார். பச்சைக் குழந்தைக்கு அது மூச்சு வழியையே அடைத்துவிடும். பொம்மையின் கழுத்து எத்தனையோ முறை கற்றுத்தந்த பாடம். தோளுக்கடியில் மடித்த துணியை வைத்தார். குழந்தை எதையோ மோப்பம் பிடிப்பதுபோல அதன் முகத்தை லேசாக நிமிர்த்தினார். முகமூடியைப் பொருத்தி மெல்லத்தான் அழுத்தினார்.

நெஞ்சு உயர்ந்தது.

அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். உதட்டில் சிவப்பு ஏறியது. ஒரு முனகல். பிறகு அறையே அதிரும்படி ஓர் அழுகை. ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சிஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் மார்பில் வைத்தார்.

குழந்தையோடு வீடு திரும்பிய அன்று, தம்பி மனைவி நேராகச் சிஸ்டரின் அறைக்குள் போனாள். பொம்மையைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பழைய இடத்திலேயே கிடத்தினாள்.

"தட்டை எங்க வைக்கிறது?" என்றான் தம்பி.

"மடியில வெச்சுச் சாப்பிடுங்க. இது உங்க பொண்ணுக்கு அக்கா."