மிலிட்டரிக்காரர் எழுதாத சாவு

காலையில் பெரியண்ணன் டீக்கடையில் வெள்ளைச்சாமி பேப்பர் பிரிப்பதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுச் செய்தி உள்ள தாளை மட்டும் உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். கடலூர், குறிஞ்சிப்பாடிச் செய்திகளைப் போண்டா மடிக்கத் தள்ளிவிடுவார்.

“மிலிட்டரி, நம்மூரு சேதியில எண்ணெ நல்லா ஊறுதுங்க” என்று பெரியண்ணன் சிரிப்பார்.

வெள்ளைச்சாமி ராமநாதபுரத்துக்காரர். பதினாறு வயதில், வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். பர்மாவில் சண்டை போட்டார். பிறகு ஐ.நா. படையோடு காங்கோ போனார். ஓய்வு பெற்று நெய்வேலி வந்து, நிலக்கரிச் சுரங்க கேட்டில் காவல் வேலையில் பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அந்தச் சண்டைகளை ஒரு வாரப்பத்திரிகைக்கு எழுதினார். அவர் கட்டுரையில் பெயரில்லாமல் யாரும் சாக மாட்டார்கள். செத்தவன் பெயர், ஊர், கடைசியாக என்ன தின்றான், எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். எழுத்து என்றால் இதுதான் என்று நம்பினேன். அக்கா செல்லக்கிளிக்கும் படித்துக் காட்டினேன்.

எழுபத்தெட்டில் அக்கா புருஷன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்த தங்கராசு செத்தார். ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிப்போன கான்ட்ராக்டர் லாரி குள்ளஞ்சாவடி அருகே கவிழ்ந்தது. “எங்க ஆளே இல்ல, வழியில கைகாட்டி ஏறினவன்” என்று கான்ட்ராக்டர் சாதித்தான். கூட வந்தவர்கள் பிழைப்புக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. தங்கராசு மண்வெட்டியோடு கேட்டிலேயே லாரி ஏறியதை வெள்ளைச்சாமி பார்த்திருந்தார். டீக்கடையில் அவரே சொன்னார்.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

“அய்யா, எங்கியோ செத்தவங்க பேரெல்லாம் எழுதுறீங்க. எங்க வூட்டுக்காரரு வேலைக்கு வந்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஓசி லாரி ஏறினவருன்னு ஊரே பேசிக்கினு இருக்குது.”

“எழுதுறேம்மா. நான் பாத்தேன்ல?”

மாதங்கள் போயின. நான் கேட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

“பர்மாவுல செத்தவனப் பத்தி எழுதினா என் வேலைய யாரும் புடுங்க மாட்டான், தம்பி” என்றார். தலைகூடக் குனியவில்லை.

குண்டுகளுக்கு நடுவே தவழ்ந்தவர் ஒரு கான்ட்ராக்டருக்குப் பயந்தார். பொய் சொன்னவனைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம். அது நியாயமா? அந்தக் கேட்டில், அந்தச் சம்பளத்தில் நான் நின்றிருந்தால் எழுதியிருப்பேனா? தெரியவில்லை. தெரியாததும் சேர்ந்து எரிகிறது.

எண்பத்து நான்கில் வெள்ளைச்சாமி இறந்தார். பத்திரிகை அவருடைய கடைசிக் கட்டுரையைப் போட்டது. காங்கோவில் செத்த ஒரு சமையல்காரனைப் பற்றியது. அவனை அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்பதுகூட இருந்தது.

“இதுலயாவது எழுதினாராடா?” என்று அக்கா கேட்டாள்.

“இல்லக்கா.”

“எழுதுறேன்னுதானடா சொன்னாரு.”